லோக்கல் போட்டு டான்சில் எடுக்கலாமா?

போன மாதம் என் கொழுந்தன் போன் செய்து, "அண்ணி, எனக்கு டான்சில் எடுக்கணும்னு சொல்லிட்டாங்க. லோக்கல் போட்டு எடுத்துக்கலாமா? முழு மயக்கம்னா பயமா இருக்கு" என்றார். லோக்கல் என்றால் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வைக்கிற ஊசி. அம்பத்தூரில் வேலை, வயது 31, வருஷத்துக்கு ஆறேழு முறை தொண்டை வீங்கிக் காய்ச்சலில் படுக்கிற ஆள். பத்து நிமிஷம் பேசினேன். போனை வைத்த பிறகுதான் சொல்லாமல் விட்டது எவ்வளவு என்று தெரிந்தது. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் என் மகளுக்கு இதே ஆபரேஷன் நடந்தபோது மயக்க மருந்து டாக்டரிடம் கேட்டதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அந்த நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, கேட்டுத் தெரிந்துகொண்ட ஒரு அம்மா, அவ்வளவுதான். உங்கள் உடம்புக்கு எது சரி என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல முடியும். ஆனால் என்ன கேட்க வேண்டும் என்றாவது தெரிந்து போனால் அந்தப் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

மகளுக்கு அப்போது ஆறு வயது ஆகப் போகிறது. ராத்திரியில் குறட்டை விடுவாள், குழந்தை குறட்டை விட்டால் எல்லோரும் சிரிப்பார்கள், நாங்களும் சிரித்தோம். அப்புறம் ஒரு நாள் ஆதம்பாக்கத்தில் கரண்ட் போய் ஃபேன் நின்ற ராத்திரியில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தேன். குறட்டை நின்றது, நெஞ்சு மட்டும் ஏறி இறங்கியது, மூக்கில் காற்றே வரவில்லை, மனதுக்குள் எட்டு ஒன்பது எண்ணுவதற்குள் திடுக்கென்று மூச்சை இழுத்துப் புரண்டு படுத்தாள். இதே மாதிரி திரும்பத் திரும்ப. போனில் வீடியோ எடுத்து காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டினோம். டான்சில் இரண்டும் நடுவில் முட்டிக்கொள்கிற அளவு பெரிதாக இருக்கிறது, மூக்குக்குப் பின்னால் அடினாய்டு சதையும் அடைக்கிறது, இரண்டையும் எடுத்துவிடலாம் என்றார். (எங்கள் வீட்டில் இன்றைக்கும் "உள்நாக்கு ஆபரேஷன்" என்றுதான் சொல்கிறார்கள். உள்நாக்கு என்பது நடுவில் தொங்குகிற சின்ன நாக்கு, அதை யாரும் தொடவில்லை. டான்சில் அதன் இரு பக்கமும் இருக்கிற சதை.)

வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் முதலில் தேதி கேட்டோம். எஸ்டிமேட் பேப்பர் கொடுத்தார்கள். ரூம் வாடகை, தியேட்டர் வாடகை, சர்ஜன், எந்த மெஷினால் எடுப்பது என்று எல்லாம் விவரமாக இருந்தது, மயக்க மருந்துக்கு ஒரே ஒரு வரி. "அந்த டாக்டரை எப்போ பார்க்கலாம்?" என்று கேட்டேன். "ஆபரேஷன் அன்னிக்குக் காலையில வருவாங்கம்மா, அப்பப் பார்த்துக்கலாம்" என்று பதில். அந்தப் பதில் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. குழந்தையின் மூச்சை முக்கால் மணி நேரம் கையில் வைத்திருக்கப் போகிறவரை, அவளுக்கு நாலு மாதம் முன்னால் வீசிங் வந்ததைச் சொல்லக்கூட நேரமில்லாத ஒரு காலையில் சந்திப்பதா? சர்ஜன் யார் என்று ஒரு மாதம் விசாரித்தோம், இவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இது எங்கள் வீட்டு வழக்கம் மட்டும் இல்லை, நான் பார்த்த வரையில் எல்லோர் வீட்டிலும் அப்படித்தான். கணவரிடம் சொன்னேன், அவரும் சரி என்றார். ஆபரேஷனுக்கு முன்பே மயக்க மருந்து டாக்டரை உட்கார்ந்து பார்த்துப் பேசுகிற இடமாகத் தேடிப் போனோம்.

அந்த டாக்டர் அம்மா எங்களுக்காக இருபத்தைந்து நிமிஷம் ஒதுக்கினார். நான் முதலில் கேட்ட கேள்வி இது: "என் சிசேரியனுக்கு முதுகில ஊசி போட்டாங்க, நான் முழிச்சுக்கிட்டுதான் இருந்தேன், இவளுக்கும் அப்படி ஏதாவது முடியாதா?" முதுகில் போடுகிற ஊசி வயிற்றுக்கும் அதற்குக் கீழேயும்தான், தொண்டை வரைக்கும் அதை ஏற்ற முடியாது, ஏற்றினால் மூச்சே நின்றுவிடும் என்றார். டான்சிலுக்கு இருக்கிற வழி இரண்டுதான், தொண்டையிலேயே மரத்துப்போகிற ஊசி, இல்லையென்றால் முழு மயக்கம். குழந்தைகளுக்கு முழு மயக்கம் மட்டும்தான், அதில் பேரம் கிடையாது. வாயைத் திறந்து பிடித்து, நாக்கை அழுத்தி, பின்தொண்டையில் கத்தி வைக்கிறபோது எந்த ஆறு வயதுக் குழந்தை அசையாமல் இருக்கும்? அது கூடப் பெரிய விஷயம் இல்லை. மற்ற ஆபரேஷன்களில் சர்ஜன் ஒரு பக்கம் வேலை செய்வார், மயக்க மருந்து டாக்டர் தலைமாட்டில் மூச்சைப் பார்த்துக்கொள்வார். இதில் இரண்டு பேருக்கும் வேலை ஒரே வாயில். சர்ஜன் வெட்டுகிற இடத்தைத் தாண்டித்தான் மூச்சு போகிற வழி. ரத்தம் வடிந்தால் நேராக அந்த வழிக்குத்தான் போகும். "அதனால டான்சில் சின்ன ஆபரேஷன், ஆனா மயக்கம் சின்ன மயக்கம் இல்ல" என்றார். அன்றிலிருந்து "டான்சில்தானே" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

லோக்கலைப் பற்றி எங்கள் அப்பாவுக்கு அனுபவமே இருக்கிறது. 1974-இல், அவருக்கு 22 வயது, அப்போதைய மெட்ராஸில்தான். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வைத்து, கையில் ஒரு தட்டைக் கொடுத்து மோவாய்க்குக் கீழே பிடித்துக்கொள்ளச் சொன்னார்களாம். கசப்பாக ஏதோ தொண்டையில் அடித்து, அப்புறம் இரண்டு பக்கமும் ஊசி. "வலிக்கலைம்மா, ஆனா எல்லாம் தெரிஞ்சுது" என்பார். இழுப்பது தெரிந்தது, சதை பிரிகிற சத்தம் காதுக்குள் கேட்டது, ரத்தம் தொண்டையில் இறங்கும்போது குமட்டியது, துப்பினால் திட்டினார்கள், முழுங்கினாலும் திட்டினார்கள். ஒரு பக்கம் முடிந்ததும் எழுந்து போய்விடலாம் என்று தோன்றியதாம், ஆனால் இன்னொரு பக்கம் பாக்கி. ஐம்பது வருஷம் கழித்தும் அவர் பல் டாக்டர் நாற்காலியில் உட்காரும்போது கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன்.

அதற்காக லோக்கல் காட்டுமிராண்டித்தனம் என்று சொல்லிவிட முடியாது. இன்றைக்கும் சில இடங்களில், ஒத்துழைக்கிற பெரியவர்களுக்கு அப்படிச் செய்கிறார்கள். சைலோகெய்ன் ஸ்ப்ரே அடித்து, டான்சிலைச் சுற்றி லிக்னோகெய்னும் அட்ரினலினும் கலந்த ஊசி போடுவார்கள். அட்ரினலின் ரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் அந்த நேரத்தில் ரத்தம் குறைவாக வரும். மூச்சுக்குக் குழாய் போடுகிற வேலை இல்லை, இருமுகிற சக்தி நோயாளியிடமே இருக்கும், வீட்டுக்கும் சீக்கிரம் போகலாம். டான்சிலுக்குப் பக்கத்தில் சீழ் கட்டிக்கொண்டால் அதைக் கீறி எடுப்பது பெரியவர்களுக்குப் பெரும்பாலும் லோக்கலில்தான். ஆனால் டான்சிலை முழுதாக எடுக்கும்போது சிக்கல் இது: குமட்டல் அதிகமாக உள்ளவர்களுக்கு ஊசி அதை முழுக்க அடக்காது, டான்சிலுக்கு வெளிப்பக்கம் கொஞ்ச தூரத்திலேயே மூளைக்குப் போகிற பெரிய ரத்தக் குழாய் ஓடுகிறது, மருந்து தப்பித்தவறி அதற்குள் போனால் வலிப்பே வரலாம். நடுவில் ரத்தம் அதிகமாகிவிட்டால் முழு மயக்கத்துக்கு மாற வேண்டி வரும், அப்போது வாய் நிறைய ரத்தத்தோடு குழாய் போட வேண்டும், எடுத்த எடுப்பிலேயே போடுவதைவிட அது பல மடங்கு கஷ்டம்.

"சரி, இரண்டுக்கும் நடுவில், லேசாகத் தூங்க வைத்து லோக்கல் போட்டால்?" என்று கணவர் கேட்டார். நல்ல யோசனை என்று நானும் நினைத்தேன். டாக்டர் சொன்ன பதிலை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்: "முழிச்சிருக்கிறவன் இருமித் துப்பிடுவான். முழுசா மயங்கினவனுக்குக் குழாய் காவல் இருக்கு. நடுவுல இருக்கிறவனுக்கு ரெண்டும் இல்ல."

முழு மயக்கம் என்பதும் ஒரே பொட்டலம் இல்லை, அதற்குள்ளேயே பேசித் தீர்மானிக்க வேண்டியவை இருக்கின்றன என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. எப்படித் தூங்க வைப்பது என்பது முதல் விஷயம். பெரியவர்களுக்குக் கையில் ஊசி ஏற்றி அதன் வழியே புரோபோஃபால், பால் மாதிரி வெள்ளையாக இருக்கும், போகும்போது கை கொஞ்சம் எரியும், அந்த எரிச்சலைச் சொல்லி முடிப்பதற்குள் தூக்கம். குழந்தைகளுக்கு இன்னொரு வழியும் உண்டு, முகமூடியில் செவோஃப்ளூரேன் வாயு, தொண்டையை அறுக்காது, சில மூச்சுகளில் தூங்கிவிடுவார்கள், ஊசியைத் தூங்கின பிறகு போட்டுக்கொள்ளலாம். ஊசி வழிதான் வேண்டும் என்றால் ஒரு மணி நேரம் முன்னால் கையில் மரத்துப்போகிற களிம்பு தடவி வைக்கலாம். ரொம்பப் பயப்படுகிற குழந்தைக்கு அரை மணி நேரம் முன்னால் மிடாஸோலம் சிரப் கொடுப்பதும் உண்டு, ஆனால் என் மகள் மாதிரி தூக்கத்தில் மூச்சு தடைபடுகிற குழந்தைக்கு அந்த மருந்தை யோசித்துத்தான் கொடுப்பேன் என்றார். இது எனக்கு முக்கியமான பாடம். பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்தார்களே என்று நாம் கேட்கிற ஒன்று நம் குழந்தைக்கு ஆகாமல் இருக்கலாம்.

அடுத்தது மூச்சு வழி. மூச்சுக் குழாய்க்குள் போகிற குழாய் ஒன்று, குரல்வளை மேல் தொப்பி மாதிரி உட்காருகிற லாரிஞ்சியல் மாஸ்க் இன்னொன்று. மாஸ்க் மென்மையானது, விழிக்கும்போது இருமல் குறைவு. ஆனால் வாயைத் திறந்து பிடிக்கிற கருவியை மாட்டும்போது அது நசுங்கலாம், நகரலாம், அப்போது குழாய்க்கு மாற வேண்டும். எங்கள் டாக்டர் குழாய்தான் போடுவேன் என்று சொல்லிவிட்டார். டான்சில் வேலைக்கென்றே உதட்டைத் தாண்டியதும் தாடைப் பக்கமாகக் கீழே வளைந்து போகிற குழாய் இருக்கிறது, சர்ஜனுக்கு வழி விடுவதற்காக. அந்த வாய் திறக்கும் கருவிக்குப் பெயர் பாயில் டேவிஸ் காக். பாயில் என்பவர் லண்டனில் இருந்த மயக்க மருந்து டாக்டர், 1917-இல் அவர் செய்த மெஷினின் பெயரால்தான் இன்றைக்கும் நம் ஊரில் மயக்க மெஷினை பாயில்ஸ் மெஷின் என்கிறார்கள். சர்ஜன் மாட்டுகிற கருவிக்கு மயக்க மருந்து டாக்டரின் பெயர் இருப்பது எனக்குப் பிடித்திருந்தது, ஒரே வாயில் இரண்டு பேருக்கு வேலை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

அப்புறம் மகளைப் பக்கத்தில் கூப்பிட்டு, "கண்ணா, ஆடுற பல் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். இருந்தது, கீழே முன்பல். நான் சொல்ல மறந்தே போனேன். அந்தக் கருவி பட்டு ஆடுகிற பல் விழுந்தால் மூச்சுக் குழாய்க்குள் போய்விடலாம், அதனால் ஆறேழு வயதுக் குழந்தைகளுக்கு இதை அவசியம் பார்ப்பாராம். காலையில் வந்து அவசரமாகப் பார்க்கிறவர் இதைக் கேட்காமல் போயிருந்தால்? நினைக்கவே வேண்டாம்.

நான் மனதில் வைத்திருந்த பெரிய பயத்தைக் கடைசியில்தான் கேட்டேன். மயக்க மருந்து கொடுத்தால் குழந்தைக்கு ஞாபக சக்தி குறையும், படிப்பு வராது என்று என் மாமியார் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டர் சிரிக்கவில்லை, அதற்காகவே அவர் மேல் மரியாதை கூடியது. 2016-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, மூன்று வயதுக்குள் மூன்று மணி நேரத்துக்கு மேல் அல்லது பல முறை மயக்கம் கொடுப்பதைப் பற்றி ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. அதற்கு அப்புறம் 2019-இல் ஒரு பெரிய ஆராய்ச்சியின் முடிவு வந்தது. ஏழு நாடுகளில் 722 கைக்குழந்தைகளுக்குக் குடலிறக்க ஆபரேஷன், ஒரு பாதிக்கு விழித்திருக்கும்போதே முதுகில் ஊசி, மறு பாதிக்கு செவோஃப்ளூரேன். ஐந்து வயதில் சோதித்துப் பார்த்தபோது அறிவுத் திறனில் வித்தியாசம் இல்லை. அந்தக் குழந்தைகள் வாங்கிய மயக்கம் சராசரியாக ஒரு மணி நேரத்துக்கும் குறைவு, டான்சிலுக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான். "ராத்திரி முழுக்க மூச்சுத் திணறித் தூங்கினா பகல்ல எப்படிம்மா படிக்கும்? அதையும் அவங்ககிட்டச் சொல்லுங்க" என்றார். வீட்டுக்குப் போனதும் அத்தையிடம் அதைத்தான் சொன்னேன்.

காலாண்டுப் பரீட்சை விடுமுறையில் தேதி வாங்கியிருந்தோம். மூன்று நாள் முன்னால் மகளுக்குச் சளி, லேசான காய்ச்சல், கரகரவென்று இருமல். லீவு போட்டாயிற்று, ஊரிலிருந்து அம்மா அப்பாவும் வந்தாயிற்று. "டான்சில் இருக்கிற குழந்தைக்குச் சளி இல்லாத நாள் எது, சொல்லாமப் போயிடலாம்" என்று வீட்டில் ஒரு பேச்சு எழுந்தது, ஒரு ராத்திரி முழுக்க நானும் அப்படியே நினைத்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. காலையில் டாக்டருக்குப் போன் செய்தேன். நேரில் வரச் சொன்னார், நெஞ்சில் ஸ்டெத் வைத்துக் கேட்டார், தள்ளிப் போடலாம் என்றார். வெறும் மூக்கொழுகல் என்றால் செய்துவிடுவேன், காய்ச்சலும் நெஞ்சுச் சளியும் இருந்தால் மாட்டேன், சளி போன பிறகும் சில வாரம் மூச்சு வழி சுணங்கியே இருக்கும், குழாயை எடுக்கும்போது ஒரு சொட்டு எச்சில் பட்டால்கூடக் குரல்வளை இறுக மூடிக்கொள்ளும், காற்று போகாது, சமாளிக்க மருந்து உண்டு, ஆனால் தெரிந்தே அந்த நிலைக்குப் போகக்கூடாது என்றார். அரையாண்டு விடுமுறைக்கு மாறியது. அம்மா அப்பா திரும்பிப் போனார்கள். எனக்கு அழுகை வந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

டிசம்பரில் மறுபடி. சாப்பாட்டு விஷயத்தை நானே கேட்டு வாங்கினேன், ஏனென்றால் வார்டில் பொதுவாக "ராத்திரி பன்னெண்டுக்கு மேல பச்சைத் தண்ணிகூடக் கூடாது" என்று சொல்லிவிடுகிறார்கள். டாக்டர் சொன்ன கணக்கு: சாப்பாடும் பாலும் ஆறு மணி நேரம் முன்னால் வரை, தாய்ப்பால் என்றால் நாலு, வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்னால் வரை. குழந்தை நாக்கு வறண்டு அழ வேண்டிய அவசியமே இல்லை. அதே சமயம் அந்த ஆறு மணி நேரம் விளையாட்டும் இல்லை. வயிற்றில் பால் இருந்து மயக்கத்தில் அது மேலே ஏறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. எட்டு மணிக்கு ஆபரேஷன். விடியற்காலை ஐந்து மணிக்கு நான் குளித்துவிட்டு வருகிறேன், அத்தை கையில் ஹார்லிக்ஸ் டம்ளர், குழந்தை வாய்க்கு அருகில். "பச்சப்புள்ள, வெறும் வயித்தோட போறாளேன்னு..." என்றார். பாசம்தான், வேறொன்றும் இல்லை. ஒரு வாய்கூடப் போகவில்லை என்று மகளிடம் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன், வண்டியில் ஏறும்போது அத்தை என் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் முந்தின நாளே காரணத்தோடு சொல்லி வையுங்கள். "கொடுக்கக்கூடாது" என்று மட்டும் சொன்னால் போதாது, நானும் அந்தத் தப்பைத்தான் செய்தேன்.

தியேட்டருக்குள் ஒருவர் வரலாம் என்றார்கள், கவுன் மாட்டிக்கொண்டு நான் போனேன். முகமூடியா ஊசியா என்று அவளையே கேட்டார் டாக்டர், முகமூடி என்றாள். பலூன் ஊதுகிற மாதிரி ஊது என்றார், ஊதினாள், பை பெரிதாகிச் சுருங்குவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே ஊதினாள். ஏழெட்டு மூச்சில் கண் மேலே சொருகியது, கை காலை உதறினாள், கர் என்று ஒரு சத்தம். இதெல்லாம் வரும், பயப்படாதீங்க, அவளுக்கு எதுவும் தெரியாது என்று முதல் சந்திப்பிலேயே சொல்லியிருந்ததால்தான் நான் நின்றேன். சொல்லாமல் விட்டிருந்தால் கத்தியிருப்பேன். நெற்றியில் ஒரு முத்தம், வெளியே அனுப்பிவிட்டார்கள்.

ஐம்பது நிமிஷம். வெளியே மழை, கணவர் ஜன்னல் பக்கமே நின்றார். முடிந்ததும் டாக்டரே வந்து சொன்னார், உள்நாக்குக்குப் பின்னால் ரத்தக் கட்டி ஏதும் தங்கியிருக்கிறதா என்று பார்த்து உறிஞ்சி எடுத்துவிட்டு, அவள் நன்றாக விழித்த பிறகே குழாயை எடுத்தேன் என்று. சிலர் ஆழ்ந்த மயக்கத்திலேயே எடுப்பார்கள், இருமல் வராது, ஆனால் மூச்சுத் தடை இருந்த குழந்தைக்கு முழு விழிப்புதான் நல்லது என்பது அவர் முடிவு. ஒருக்களித்துப் படுக்க வைத்திருந்தார்கள், எச்சிலும் ரத்தமும் வெளியே வடிய.

விழித்த முதல் கால் மணி நேரம்தான் இந்த முழு விஷயத்திலும் எனக்குக் கடினமான நேரம். கண்ணைத் திறந்து அலறினாள், என்னை யாரென்றே தெரியவில்லை, என் கையைத் தள்ளிவிட்டாள், ஊசியைப் பிடுங்கப் பார்த்தாள், "அம்மா வேணும்" என்று என் மடியில் இருந்துகொண்டே கத்தினாள். செவோஃப்ளூரேன் வாங்கின சின்னக் குழந்தைகளுக்கு இப்படி வருவது சகஜம், தானாக அடங்கும், வலி மட்டும் காரணம் இல்லை. நர்ஸ் இரண்டு பேர் ஊசியைக் காப்பாற்றினார்கள், நான் காதருகில் அவள் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். இருபதாவது நிமிஷத்தில் தூங்கிப் போனாள். மறுபடி விழித்தபோது ஐஸ்கிரீம் கேட்டாள், அந்த அலறலில் ஒன்றுகூட அவளுக்கு ஞாபகம் இல்லை.

அன்று ராத்திரி ஆஸ்பத்திரியிலேயே விரலில் ஆக்சிஜன் மீட்டர் மாட்டி வைத்திருந்தார்கள். வலிக்கு ஆபரேஷன் நடக்கும்போதே பாராசிட்டமால், கொஞ்சமே கொஞ்சம் ஃபென்டனில், வாந்தியும் வீக்கமும் குறைய ஒரு டோஸ் டெக்ஸாமெதாசோன். வீட்டுக்கு வந்த பிறகு பாராசிட்டமாலும் இபுபுரூஃபனும், எடைக்குத் தகுந்த அளவில். வலித்தால் கொடுப்பது என்று இல்லாமல் கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்கச் சொன்னார்கள், அது எவ்வளவு சரி என்று மூன்றாம் நாள் ஒரு வேளை தவறியபோது தெரிந்தது, எச்சில்கூட முழுங்கமாட்டேன் என்றாள். காது வலி என்று அழுதாள், காதில் ஒன்றும் இல்லை, தொண்டைக்கும் காதுக்கும் ஒரே நரம்பு.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். கோடீன் கலந்த இருமல் மருந்தோ வலி மருந்தோ குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். சிலருடைய உடம்பு கோடீனை வெகு வேகமாக மார்ஃபினாக மாற்றிவிடும், அது யார் என்று முகத்தைப் பார்த்துத் தெரியாது. டான்சில் ஆபரேஷன் முடிந்து கோடீனோடு வீட்டுக்குப் போன சில குழந்தைகள் தூக்கத்திலேயே மூச்சு நின்று இறந்திருக்கிறார்கள். 2013-இல் எஃப்டிஏ இந்த ஆபரேஷனுக்குப் பிறகு குழந்தைகளுக்குக் கோடீன் கூடாது என்றது. 2017-இல் எந்த வலிக்கும் இருமலுக்கும் 12 வயதுக்குள் கோடீன் வேண்டாம், டான்சில் எடுத்த 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு டிரமடால் என்கிற வலி மருந்தும் வேண்டாம் என்று இறுக்கியது. வீட்டில் பழைய இருமல் பாட்டில் இருந்தால் அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். நான் பார்த்தேன், ஒரு பாட்டிலைத் தூக்கிப் போட்டேன்.

மகளுக்குப் பிடித்தது ரோஸ்மில்க், அதையும் இரண்டு வாரம் நிறுத்தச் சொன்னார்கள். வாந்தி எடுத்தால் அது ரோஸ்மில்க்கா ரத்தமா என்று தெரிய வேண்டுமே. இளநீர், மோர், குழைந்த தயிர்சாதம், வெனிலா ஐஸ்கிரீம் என்று ஓடியது. ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை டான்சில் இருந்த இடத்தில் வெள்ளையாகப் படிந்திருப்பது உதிரும், அப்போது ரத்தம் வரலாம், எச்சிலில் சிவப்பு தெரிந்தாலே கிளம்பி வாருங்கள் என்றார்கள். திரும்ப மயக்கம் கொடுக்க நேர்ந்தால் அது முதல் மயக்கத்தைவிட ஆபத்தானது, குழந்தை எவ்வளவு ரத்தத்தை முழுங்கியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, வயிறு நிரம்பியிருப்பதாகவே கருதி வேலை செய்ய வேண்டும். அதனால்தான் அந்தப் பத்து நாளும் நாங்கள் ஊரைத் தாண்டிப் போகவில்லை, பொங்கலுக்குத்தான் போனோம்.

இவ்வளவையும் கொழுந்தனிடம் சொன்னேன், அப்பாவையும் பேச வைத்தேன். "நாற்காலி வேண்டாம்பா" என்று மட்டும் அப்பா சொன்னார். போன வியாழக்கிழமை கொழுந்தன் போய் மயக்க மருந்து டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தார். கழுத்தைப் பின்னால் சாய்க்கச் சொன்னாராம், வாயைத் திறக்கச் சொல்லி விளக்கடித்துப் பார்த்தாராம், நாக்கை அழுத்தியதுமே இவருக்குக் குமட்டிவிட்டது. "இதுக்கே இப்படின்னா லோக்கல் உங்களுக்குச் சரிப்படாது" என்று அங்கேயே முடிவாகிவிட்டது. எடை 94 கிலோ, பி.பி. கொஞ்சம் அதிகம், குறட்டை உண்டா என்று கேட்டதற்கு இல்லை என்று இவர் சொல்ல, பக்கத்தில் இருந்த என் ஓரகத்தி உண்டு என்றாள். தூக்கப் பரிசோதனை ஒன்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், அந்த ரிப்போர்ட் வந்த பிறகுதான் தேதி.

அடுத்த சந்திப்புக்கு என் நோட்டையும் எடுத்துப் போகிறேன் என்று கேட்டிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொள்வார்.